ஆறு பத்து

மருந்துச் சீட்டை நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

ஊசியா, உள்ளே வைத்துக்கொள்ளும் மாத்திரையா?

நாளைக்குப் புரொஜெஸ்ட்ரான் தொடங்க வேண்டும். அடுத்த வாரம் கருவை வைக்கிறார்கள். அது பிடித்து நிற்க இந்த மருந்துதான் துணை. உங்களுக்கு இரண்டுமே சரிவரும், எது வசதியோ அதை ஜெசிந்தா சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றுவிட்டு டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வசதியாம்.

எழுந்தாள். குடிநீர்க் குழாய் வரைக்கும் போனாள். குடிக்காமல் திரும்பி வந்தாள். சுவரில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருந்தது. ஈரோட்டில் எந்த வீட்டில் இப்படி ஒன்று பிறக்கிறதாம் என்று எரிச்சலாக இருந்தது.

போன தடவை மாத்திரை.

காலையும் இரவும் வைத்துவிட்டு அரை மணி நேரம் படுத்திருக்கச் சொன்னார்கள். ஐந்து நாள் கடிகாரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஆறாம் நாள் காலை ஆறு பத்துக்குப் பால் வண்டி ஹார்ன் அடித்தது. கேனைக் கொண்டுபோய் ஊற்றும் மாமியார் அன்றைக்கு ஊரில் இல்லை. புருஷனும் விடியும் முன்பே, எங்கோ ஒரு மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று போயிருந்தான்.

இரண்டு மாட்டுப் பால். வண்டி நிற்காது.

எழுந்து ஓடினாள். பன்னிரண்டு நிமிடம்தான் படுத்திருந்தாள்.

பதினோராம் நாள் உதிரம் பட்டது.

யாரோ ஒரு சிநேகிதிக்காகக் கேட்பதுபோல் டாக்டரம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள். எழுந்து நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். தலையாட்டினாள். நம்பவில்லை. வீட்டில் ஒருவரிடமும் சொல்லவுமில்லை. ஒன்றேகால் வருடமாக அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைத் தனியாகச் சுமக்கிறாள்.

ஊசி என்றால் எண்ணெய் மருந்து. தினமும் இடுப்புக்குக் கீழே. கட்டிக்கொள்ளும். கரு நின்றால் வாரக்கணக்கில் நீளும்.

மாத்திரை வலிக்காது. ஆனால் அரை மணி நேரம் அவளுக்கு அவளே காவல் இருக்க வேண்டும்.

மறுபடி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர். பத்தொன்பது வருடமாக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். சினை நிற்காவிட்டால் மாட்டுக்காரர்கள் மாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள், தீவனத்தையும் சொல்ல மாட்டார்கள். உங்க ஊசி நிக்கலைங்க என்பார்கள். சரிங்க என்று கேட்டுக்கொண்டு வருவான். நீங்கள் என்ன தப்புச் செய்தீர்கள் என்று அவள் எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறாள். யாராவது ஒருத்தர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று சிரித்துவிடுவான்.

இப்போது அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"ஊசியே போட்டுக்கலாம் புள்ள. நானே போடறேன். நிக்கலைன்னா, அது என்ற ஊசி நிக்கலைன்னு இருக்கட்டும். பால் கேன் தூக்குனதாலன்னு வேண்டாம்."

சீட்டு மடிப்பில் விரல் நின்றது.

பால் வண்டிக்காரன் சொல்லியிருப்பான். எப்போதோ சொல்லியிருப்பான். இத்தனை நாளும் இவன் தெரிந்தே இருந்திருக்கிறான். கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததில் எதையும் செய்யத் தோன்றவில்லை.

ஜெசிந்தா சிஸ்டர் கூப்பிட்டார். ஊசி என்றாள்.

வீட்டில் போடுவது யார், பழக்கம் உண்டா என்று சிஸ்டர் அவனைக் கேட்டார்.

"இல்லைங்க சிஸ்டர். மொதல்ல இருந்து சொல்லிக் குடுங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

சிஸ்டர் ஒரு தலையணையில் பேனாவால் வட்டம் போட்டார். மருந்தைக் குளிர விடக்கூடாது, மெதுவாக ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவன் தலையாட்டிக் கேட்டான். சிரிஞ்சை வாங்கினான். வாங்கிய வேகத்தில், புறங்கையால் தலையணையை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினான். மாடு உதைக்காமல் இருக்கத் தட்டுகிற தட்டு.

தட்டக் கூடாது என்று சிஸ்டர் முறைத்தார்.

அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, வாய் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். அவனுடைய காதுமடல் சிவந்துபோயிற்று. இரண்டாம் முறை ஊசியை வட்டத்துக்கு நேரே பிடித்துவிட்டு, குத்தாமல் சிஸ்டரைப் பார்த்தான். மாட்டிடம் அவன் இப்படித் தயங்கி அவள் பார்த்ததில்லை.

தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், எந்த நேரம் வசதி என்று சிஸ்டர் கேட்டார்.

அவன் அவளைப் பார்த்தான்.

"காலையில ஆறு பத்து," என்றாள்.

சிஸ்டர் சீட்டில் எழுதிக்கொண்டார்.