தழைச்சத்து

உரக்கடை டார்வின் சாக்கின் வாயைப் பிரித்து, உள்ளே கைவிட்டு அள்ளி, கருந்தூளை நிபியாவின் மூக்கருகே நீட்டினான்.

"மோந்து பாருங்கம்மா. மருந்து இல்ல, மாயம் இல்ல. அத்தனையும் இயற்கை."

நிபியா இரண்டடி பின்னால் போனாள். காலையில் குடித்த மாத்தே இலைத் தேநீர் கசந்துகொண்டு தொண்டைவரை ஏறி வந்தது.

அவள் வந்தது ஆறு கஞ்சா நாற்றுகளுக்கு மண்ணும் உரமும் வாங்க. தயிர்க் குவளைகளில் முளைத்து, சமையலறைச் சன்னலில் நான்கு இலை விட்டு நிற்கின்றன. மோன்டெவிடியோவில் வசந்தம் வந்துவிட்டது. இந்த வாரமே தொட்டி மாற்றியாக வேண்டும்.

உருகுவே நாட்டில் வீட்டுக்கு ஆறு கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது; அதற்காகத் தபால் நிலையத்தில் முறையாகப் பெயர் பதிந்திருக்கிறாள். எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வலிக்குத்தான். மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்தனவே தவிரத் தூக்கத்தைத் தரவில்லை.

போன வருடம் கொல்லை மண்ணையே அள்ளிப் போட்டாள். களிமண். தண்ணீர் தேங்கி, ஆறும் வேரழுகிச் செத்தன. அந்தக் குளிர்காலத்தை எப்படிக் கழித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

டார்வின் பொறுமைசாலி. முக்கால் மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தான். தென்னை நார்த்தூளில் வேர் சுகமாக ஓடும், அழுகாது. ஆனால் அதில் சத்து என்று எதுவும் கிடையாது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் திரவ உரத்தைப் புட்டியிலிருந்து அளந்து கலந்து ஊட்ட வேண்டும். ஒரு மூடி கூடினால் இலை நுனி கருகும். நல்ல தோட்ட மண்ணில் மண்புழு உரம் கலந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பூ வைக்கும்போது மணிச்சத்து, சாம்பல்சத்து. அதுவரை தழைச்சத்து. தழைச்சத்துக்கு ரத்தத் தூளை மிஞ்ச ஒன்றும் இல்லை.

அதிலும் இது அயல்நாட்டுச் சரக்கு இல்லை என்று பெருமையாகச் சொன்னான். செரோ பேட்டையில் இருக்கும் இறைச்சி ஆலையிலிருந்து வருகிறது. நம் ஊர் மாடு, நம் ஊர் ரத்தம்.

அவன் விரலிடுக்கில் தூள் ஒட்டியிருந்தது. அந்தக் கையாலேயே தாடியைச் சொறிந்தான்.

நிபியா இடக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ரத்தம் அவளுக்கு அருவருப்பில்லை. பச்சை ரத்தம் இரும்பு வாடை அடிக்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும். காய்ந்த ரத்தம்தான் பழகாது. அடிப்பிடித்த சூப்பும் பொசுங்கிய மயிரும் சேர்ந்தாற்போல் ஒரு நாற்றம். தலைமுடியில் ஏறி உட்காரும். எலுமிச்சையும் வினிகரும் போட்டுத் தேய்த்தாலும் தலையணையில் இறங்கியிருக்கும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய் நின்றுகொள்வார். ரொட்டியைப் பிட்டால் ரொட்டியிலும் அதுதான்.

அதை இவன் இயற்கை என்கிறான்.

"இது தீஞ்ச சரக்கு, தம்பி," என்றாள். "கருஞ்செவப்பா இருக்கணும். இது கரியாட்டம் இருக்கு. சூட்டை ஏத்தி அவசரமா காய வச்சிருக்காங்க. பாதிச் சத்து அங்கேயே போச்சு."

டார்வின் சிரித்துவிட்டு, இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டான். அந்த ஆலையில், உலர்த்தும் கூடத்தில், பத்தொன்பது வருடம் வேலை பார்த்ததாகச் சொன்னாள்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. தொட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்த இன்னொரு வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, இந்த அம்மா யார் தெரியுமா என்று காட்டினான். சாக்கைத் தட்டிக்கொடுத்தான்.

"அப்போ நான் இத்தன வருஷமா வித்ததெல்லாம் உங்க கை பட்ட சரக்கு."

நிபியா இரண்டு நார்த்தூள் கட்டிகளையும் மூன்று புட்டிகளையும் காட்டி, அவை போதும் என்றாள்.

டார்வின் விடவில்லை. புட்டியும் கையுமாக எத்தனை நாள் அளந்துகொண்டிருப்பது, இந்த வயதில் அந்த வம்பு எதற்கு, ஒரு பிடி ரத்தத் தூள் போட்டால் ஒரு மாதம் திரும்பிப் பார்க்க வேண்டாமே என்றான். கடை திறந்த நாளிலிருந்து தன் செடிகளுக்கும் இதைத்தான் போடுகிறானாம். ஒரு கிலோவை அள்ளிப் பையில் கட்டினான். இலவசம், ஒரு மரியாதைக்கு என்றான். பையை அவள் மார்புக்கு நேராக நீட்டினான்.

அதைத் தள்ளிவிட நிபியா வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள்.

கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

அந்த வாடிக்கையாளர் தொட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கை பட்டிருக்கும்தான்," என்றாள் நிபியா. குரல் உயரவில்லை. "தூளைத் தள்ளுற திருகு மெஷின்ல நாலு விரல் உள்ள போச்சு. என்னை வெளிய இழுக்கப் பதினோரு நிமிஷம் நிறுத்தினாங்க. அப்புறம் ஓட விட்டாங்க. அன்னிக்குக் கட்டின சாக்குல ஒண்ணக்கூடப் பிரிச்சுப் பாக்கல. சாயந்திரமே லாரி ஏறிடுச்சு."

எந்த வருடம் என்று டார்வின் கேட்டான். சொன்னாள். அவன் கடை திறந்ததற்கு அடுத்த வருடம்.

அவன் பையை மேசைமேல் வைத்தான். தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு அதை முகர்ந்தான். பின்கட்டுக்குப் போனான்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

நிபியா நார்த்தூள் கட்டிகளை இடக்கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் துணிப்பைக்குள் போட்டாள். இல்லாத நான்கு விரல்களும், வழக்கம்போல், நகக்கண்வரை எரிந்தன.