கழற்றிய மேல்சட்டை

எதிரணி டீச்சருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்ன?

நெட்பால் இறுதிப்போட்டி. கடைசிக் கால்பகுதிதான் பாக்கி, இரண்டு பள்ளியும் சமம். இந்த நேரம் பார்த்து, மலை மாதிரி நின்று தடுத்த பெண்ணை உட்காரவைத்துவிட்டு சுண்டெலி மாதிரி ஒரு சின்னப் பெண்ணை இறக்குகிறாரே!

கோச்சுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் பக்கத்தில் நத்தை, ஆடுகிற இடத்தைக் காட்டும் எழுத்து போட்ட மேல்சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அவள் ஓடுகிற அழகைப் பார்த்துத் தோழிகள் வைத்த பெயர் அது. ஒரு நாளும் பயிற்சிக்கு மட்டம் போடாதவள். பந்துதான் அவள் கையில் நிற்காது.

இறுதிப்போட்டி வரை போனால் எல்லாரையும் ஆடவைப்பேன் என்று கோச் ஆரம்பத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தார். மிச்சம் இவள் ஒருத்திதான். மகள் ஆடுவதைப் பார்க்க, அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

இந்த ஆட்டத்தில் ஒருத்திக்கு ஒருத்தி எதிராள். நத்தை இறங்கினால் அவளுக்கு எதிரே சுண்டெலி. நத்தைக்குப் பதில், இதுவரை ஆடிய நெட்டைப் பெண் கொக்கையே மறுபடி நிறுத்தினால்? கண்ணை மூடிக்கொண்டு கோல் போடுவாள். விசில் ஊதிவிட்டால் அவர்களாலும் ஆளை மாற்ற முடியாது.

ஒருத்தி ஆடாவிட்டால் குடி முழுகிவிடாது என்று கோச் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சட்டையைக் கழட்டிக் கொக்குகிட்டயே குடுத்துடும்மா. ஜெயிச்சா உனக்கும்தானே கப்பு."

நத்தை கழற்றிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அம்மா இருந்த பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

கோச் போட்ட கணக்கு தப்பவில்லை. கொக்கு கோலாகப் போட்டுத் தள்ளினாள், கப்பு கைக்கு வந்தது. எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது நத்தைதான். அந்தச் சத்தம் கோச்சுக்கு என்னவோ செய்தது.

கை குலுக்க வந்த எதிரணி டீச்சர் முகத்தில் தோற்ற வருத்தத்தைவிடக் கவலைதான் அதிகம் தெரிந்தது.

"அந்தப் பொண்ணுக்கு என்ன மேடம் ஆச்சு? சட்டை மாட்டிட்டு நின்னாளே. புதுசு போல, எங்க பெரியவ எதிர்ல வந்தா மிரண்டுடுவான்னுதான் சின்னவளை இறக்கினேன். ரெண்டு பேரும் பயமில்லாம ஆடட்டுமேன்னு."

கோச்சுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கையில் இருந்த கப்பை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது என்று தெரியவில்லை.

"கால் சுளுக்கிடுச்சு டீச்சர்." பின்னாலிருந்து நத்தைதான் சொன்னாள். "மிஸ் ஆடச் சொன்னாங்க. நான்தான் கடைசி நேரத்துல முடியாதுன்னுட்டேன்."

கோச்சால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சொன்னது பொய்யென்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று, அம்மா இருந்த இடம் வரை அந்தப் பெண் நொண்டிக்கொண்டே போனாள்.