ஊதுபத்தி வாசனை

அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் வழிபாடு கூடாதென்பது சட்டம். ஆனால் வராந்தாவில் நுழைந்ததுமே ஆய்வாளரின் மூக்கில் ஊதுபத்தி வாசனை ஏறியது.

கோடியில் ஒரு சாத்திய கதவு. அதன் முன் வரிசையாகப் பிள்ளைகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கடவுளே, கடவுளே" என்று முணுமுணுத்தார்கள்.

"உள்ள எந்தச் சாமி, டீச்சர்?"

தலைமையாசிரியை நெளிந்தார். "அங்க வேணாம் சார். ரூமுக்கு வாங்க, டீ சாப்பிடலாம்."

"மழுப்பாதீங்க! யார் காசுல நடக்குது இதெல்லாம்?"

"ஊதுபத்தி என் சொந்தக் காசு சார்."

வசமாக மாட்டிக்கொண்டார்! ஆய்வாளர் கதவைப் படபடவென்று தட்டினார்.

"ஆள் இருக்கு!" என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல்.

"மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் கக்கூஸ் இது ஒண்ணுதான் சார். தண்ணியும் வராது. இன்னொண்ணு கட்டித் தாங்கன்னு கேட்டா உங்க ஆபீஸ்ல கைய விரிச்சுட்டீங்க. புள்ளைங்க வேற யாரைக் கேக்கும்?"