சிமென்ட் குடிக்காத தண்ணீர்

பள்ளி விட்டபின் மண் மன்றத்துப் பிள்ளைகள் வாளிகளோடு நிற்கிறார்கள். அவர்கள் மண்புழு விட்டு வளர்த்த பாத்தியின் மேல், தன் கார் நிறுத்த, தலைமையாசிரியர் போன வாரம் சிமென்ட் பூசிவிட்டார். மாலை வெயிலில் அது வழுக்கை மண்டைபோல் மின்னுகிறது. "எது எவ்ளோ தண்ணி குடிக்குதுன்னு பாக்கலாம்," என்கிறார் டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு. ஓரத்தில் மிஞ்சிய மண்ணில் ஊற்றியதும் சர்ரென்று உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்தது சிமென்ட். கொத்தனார் தவறாக விட்ட சரிவில் தண்ணீர் பளபளவென்று ஓடி, தலைமையாசிரியர் அறைக் கதவுக்கடியில் நுழைகிறது. உள்ளே நாற்காலி கிறீச்சிடுகிறது. "யாரது? ஷூவெல்லாம் நனைஞ்சுபோச்சு!" "பாடம் நடக்குது சார்," என்று டீச்சர் பணிவாகக் குரல் கொடுக்கிறார். பிறகு பிள்ளைகளிடம், "ஒரு தடவை ஊத்தினா பத்தாது. அடுத்த வாளி யாருது?" எல்லாக் கைகளும் உயர்கின்றன.