இரத்தம் படாத ஓரம்

சோதனை இயந்திரத்தின் இரண்டு பிடிகளுக்கு நடுவே, விரலகலப் பட்டை ஒன்று நீண்டுகொண்டே போகிறது. சோதனைக்கூடத்துப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். சோளத்திலிருந்து செய்யும் அந்த மக்கும் பிளாஸ்டிக், இதுவரை இழுத்தபோதெல்லாம் பிஸ்கட் மாதிரிப் படக்கென்று முறிந்துதான் போயிருக்கிறது. நேற்று அவளுடைய அண்ணன் அதோடு மிருதுவான இன்னொரு மக்கும் பிளாஸ்டிக்கைச் சேர்த்து, சுழலும் சூடான உருளைகளுக்கு நடுவே கையால் தள்ளித் தள்ளிக் கலந்தான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று உருளைகளுக்கு முன்னால் கை போகாமல் தடுக்கும் காப்பு வலையைக் கழற்றச் சொன்னவர் பொறியாளர். உருளைகளை நிறுத்தியபோது அண்ணனின் வலது கையில் கட்டைவிரல் மட்டுந்தான் மிச்சம். அந்தக் கலவைத் தகட்டில் இரத்தம் படாத ஓரத்திலிருந்து இன்று காலை அவளே வெட்டியெடுத்ததுதான் இந்தப் பட்டை. ஜன்னல் வெயிலில் பால்நிறமாக மினுங்கியபடி, நாலு மடங்கு நீண்டும் அறாமல் நிற்கிறது. "கிடைச்சிருச்சும்மா!" என்று பொறியாளர் மேசையை ஓங்கித் தட்டுகிறார். "இன்னைக்கே இதே மாதிரி இன்னொண்ணு போட்டாகணும். எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம்னு உங்க அண்ணன் எங்கயாவது எழுதி வெச்சிருக்காரா?" அவள் சோதனை இயந்திரத்தின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்ல சார். எல்லாம் அவரோட கைப்பக்குவம்." மேசையைத் தட்டிய கையைப் பொறியாளர் மெல்ல எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறார்.