பத்துப் பேரும் சொன்ன பதில்

"கம்பெனி உங்களுக்கு என்ன உதவி செஞ்சிருக்கு?"

"ஒரு உதவியும் செய்யலைங்க மிஸ்."

சுமித்ராவுக்குப் பேனாவைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. தோட்டங்களுக்கு மார்க் போடக் கம்பெனியின் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். தொழிலாளர் நலனில் எந்தத் தோட்டம் சிறந்ததோ, அதற்கு இந்த வருஷ விருது. தெஹியோவிட்டப் பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்தில், பால் நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் அவள் விசாரித்த ஒன்பதாவது ஆள் ஏழுமலை. ஒன்பது பேருக்கும் ஒரே பதில்.

நன்றி கெட்ட ஜனம்!

காலையில் அவளே கண்ணால் பார்த்தாளே. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் குழாய்த் தண்ணீர். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போக, ஓடு மாற்றி, ஃபேன் போட்ட பிள்ளைக்காம்பரா. பால் வெட்டும் பெண்களுக்கு வேலை செய்யும் மலையிலேயே கழிப்பறை. மற்றத் தோட்டங்களில் கட்டடத்தைவிடப் பெயர்ப்பலகை பெரிதாக இருக்கும். இங்கே பலகையே இல்லை.

மடுவ வாசலில் நின்ற மனேஜர் நிலாமிடம் நேரே போனாள்.

"சார், இன்னும் ஒரே ஆள்தான் பாக்கி. எல்லாரும் ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. இந்த விருதை நம்பித்தானே உங்க ப்ரமோஷனே நிக்குது? ஆளுங்ககிட்ட முதல்லயே ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லித்தான் வச்சேன் மிஸ்."

"சொல்லியுமா இப்படி!"

பத்தாவதாக இருளாயி வந்து வாளியை இறக்கி வைத்தாள்.

"ஒரு உதவியும் இல்லைங்க" என்றாள் அவளும்.

சுமித்ராவுக்குப் பொறுமை போய்விட்டது. "பைப்பு போட்டது யாரு?"

"கம்பெனி."

"பிள்ளைக்காம்பரா?"

"அதுவும் கம்பெனிதான். எங்க மனேஜர் தொரை மூணு தரம் கொழும்புக்குப் போயி சண்டை புடிச்சு வாங்கினதுங்க."

"இவ்வளவும் வாங்கிக்கிட்டு உதவியே இல்லைன்னு சொல்ல எப்படி வாய் வருது?"

இருளாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பைப்பு போட்ட அன்னைக்குத் தொரையைக் கும்புடப் போனேன் மிஸ். கோவம் வந்திருச்சு அவருக்கு. 'நீங்க வெட்டுற பாலுலதான் கம்பெனியே நடக்குது. இது உங்களுக்குச் சேர வேண்டியது. யாரு கேட்டாலும் உதவின்னு சொல்லிறாதீங்க'ன்னு எல்லாரையும் கூப்புட்டுச் சொன்னாரு. அவரு பேச்சை மீறுவோமா?"

தலை நிமிர்ந்துதான் சொன்னாள். பின்னால் நின்ற ஒன்பது பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சுமித்ரா நிலாமைத் திரும்பிப் பார்த்தாள். "இதைத்தானா சொல்லி வச்சீங்க? எங்க ஃபாரத்துல உதவிக்கு மட்டும்தான் சார் மார்க்ஸ். இதுக்கு எங்கே போடுறது? உங்களுக்கு முட்டைதான் விழும்!"

நிலாம் அந்தப் பத்துப் பேரையும் பார்த்தார். பெருமை அவர் முகத்தில் கொள்ளவில்லை.

"விழட்டும் மிஸ். நான்தான் பத்துக்குப் பத்து வாங்கிட்டேனே!"