குளத்தின் விலை

ஒரு சொர்க்கத்தின் விலை அறுபத்தைந்து லட்சம் டாலர். குளத்தைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அதிலும் இரண்டு லட்சம் குறைத்து வாங்கிய சேனாபதி, இப்போது அந்தக் குளத்தையே இடிக்கக் கைகாட்டுகிறார். ஈரானின் ஷிராஸில் புரட்சிக்காரர்களிடம் பறிகொடுத்த மாளிகையையும் தோட்டத்தையும் கிழவர் ஃபர்ஹாத் நினைவிலிருந்தே மறுபடி எழுப்பிய இடம், அமெரிக்காவில் சரடோகாவின் இந்த மலைச்சரிவு. நான்கு வாய்க்கால்கள் கூடும் நீலக் குளத்தில் எக்ஸ்கவேட்டரின் பற்கள் இறங்குகின்றன. பதித்த ஓடுகள் எலும்பாய் முறிகின்றன. கரையிலிருந்த மாதுளை வேரோடு சாய, பழங்கள் கல்லில் மோதிப் பிளந்து தண்ணீரைச் சிவப்பாக்குகின்றன. “ஏனுங்க, நிறுத்தச் சொல்லுங்க! குளத்தை வெச்சுக்குவோம்னுதானே அந்தப் பெரியவரு வெலையக் குறைச்சாரு? பாத்துட்டே நிக்கறாருங்க!” என்று கயல் கணவன் சேனாபதியின் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். “எடத்துக்கு நட்ட நடுவுல பள்ளம் இருந்தா குடும்பம் வெளங்குமா? வாஸ்துக்காரரு வீடியோ கால்லயே பாத்துச் சொல்லிட்டாரு. பத்திரம் பதிஞ்சு க்ளோசிங் முடிஞ்சாச்சு புள்ள, இனி நம்ம எடம்.” சாவி கொடுக்க வந்த ஃபர்ஹாத் கைத்தடியை வீசிவிட்டு, உடைந்த ஓடு ஒன்றை இறுகப் பிடிக்கிறார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டுகிறது. சேனாபதியிடம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்கிறார்: “ஷிராஸில் வந்தவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். காசு தரவில்லை, குளத்தை விட்டுவைத்தார்கள். நீங்கள் காசு தந்துவிட்டீர்கள். வாக்களித்த குளம் இன்னும் பாக்கி.”